மூச்சு சரியாத்தான் இருக்கு, லெட்டர்தான் தப்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் 2 வந்தால் பத்திரிகைகளில் ஆட்டிசம் பற்றி ஒரு பக்கம் வரும். நீல விளக்கு போட்ட கட்டடத்தின் படம், ஒரு டாக்டர் பேட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை திரும்பவில்லையா, உடனே கவனியுங்கள் என்று ஒரு கட்டம். குறை சொல்லவில்லை. எங்கள் அம்மா எப்போதோ ஒரு பத்திரிகையில் அப்படி ஒரு கட்டத்தைப் படித்துவிட்டுத்தான் தம்பியை டாக்டரிடம் கூட்டிப் போனார், அப்போது அவனுக்கு ஆறு வயது. ஆனால் அந்தக் குழந்தைகள் எல்லாம் வளர்ந்து பெரிய ஆளாவார்கள் என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் வருவதில்லை. என் தம்பிக்கு இப்போது 28. வேலைக்குப் போகிறான், சம்பளம் வாங்குகிறான், பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு ஓடுகிறான். ஊரில் எல்லோருக்கும் நடக்கிற மாதிரி அவனுக்கும் சில சமயம் அநியாயம் நடக்கிறது. நடந்துவிட்டால் அவன் யாரிடம் போவது என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் கரூர். இங்கே பாதி ஊர் பெட்ஷீட்டும் திரைச்சீலையும் கிச்சன் டவலும் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பித்தான் சாப்பிடுகிறது. தம்பிக்கு அப்படி ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் வேலை. கம்பெனி பெயர் வேண்டாம், அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். கார்ட்டனுக்குள் போகிற பீஸ் கணக்கும் மேலே ஒட்டுகிற ஸ்டிக்கரும் ஒத்துப் போகிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மற்றவர்களுக்கு அரை மணி நேரத்தில் கொட்டாவி வந்துவிடும் வேலை. இவனுக்கு அது பிடிக்கும். மூன்று வருஷத்தில் ஒரு தப்பு கிடையாது, சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு, அதில் லாட் நம்பர், நேரம் எல்லாம் எழுதிக்கொண்டே இருப்பான்.

போன ஆடி மாதம் ஒரு நாள் 40 கார்ட்டனில் சைஸ் மாறிப்போன ஸ்டிக்கர் ஒட்டப்பட்டுவிட்டது. இவன் அதைக் கவனித்து சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறான், காலை 11.20க்கு. "ஓட்டுடா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றிருக்கிறார். தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டிய லோடு, ராத்திரி ஏற்றும்போது வேறு யாரோ பார்த்து, பெரிய ரகளை. மறுநாள் இவனை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு டைப் அடித்த ஒரு தாளை நீட்டியிருக்கிறார்கள். "எனது கவனக்குறைவால் மேற்படி தவறு நடந்துவிட்டது. இனி இவ்வாறு நடக்காது என உறுதி கூறுகிறேன்." சும்மா ஃபார்மாலிட்டிதான், போடு என்றார்களாம். போடு என்றால் போட்டுவிடுவான். போட்டுவிட்டான்.

நீங்களோ நானோ அந்த இடத்தில் இருந்தால் டீக்கடையில் நின்று அந்த ஆளின் மூன்று தலைமுறையையும் இழுத்துத் திட்டிவிட்டு, அடுத்த வாரம் சம்பளம் வந்ததும் பாதி மறந்திருப்போம். தம்பிக்கு அப்படி முடியாது. அவனைப் பொறுத்தவரை அந்தத் தாள் ஒரு பொய், அதன் அடியில் அவன் கையெழுத்து இருக்கிறது, அது ஒரு ஃபைலுக்குள் இருக்கிறது. அது அங்கே இருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அந்தத் தப்பு திரும்பத் திரும்ப நடந்துகொண்டே இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் சொன்னான், "நான் 11.20க்குச் சொன்னேன்." சாப்பிடும்போது சொன்னான். பல் தேய்க்கும்போது சொன்னான். ராத்திரி இரண்டு மணிக்கு என் ரூம் கதவைத் தட்டிச் சொன்னான். முதல் நாள் நான் கோபப்பட்டேன், அந்த சூப்பர்வைசர் மேல். மூன்றாம் நாள் தம்பி மேலேயே கோபம் வந்தது. "விடுடா, இதெல்லாம் ஒரு விஷயமா, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ." இதைச் சொன்னது அக்கம்பக்கத்தார் இல்லை, நான்தான்.

ஒன்பதாம் நாள் ராத்திரி பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டு உள்ளங்கையால் நெற்றியில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தான். டியூப் லைட் சத்தம் அவனுக்கு ஆகாது (நமக்கெல்லாம் அது கேட்கவே கேட்காது), அதை அணைத்தேன். பேச்சு நின்றுபோனது. ரொம்ப நேரம் கழித்து, அழாமல், கணக்குக் கேட்கிற மாதிரிக் கேட்டான்: "அக்கா, நான் இல்லாம போயிட்டா அந்த லெட்டரும் இல்லாம போயிருமா?"

எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஒரு உதவி எண்ணுக்கு போன் போட்டேன். எந்த எண் என்று சொல்லவில்லை, ஏனென்றால் பேசிய அந்தப் பெண் மேல் எனக்கு வருத்தமே கிடையாது. நல்ல குரல், பொறுமை. அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் ஒழுங்காகச் செய்தார். "இப்ப எப்படி ஃபீல் பண்றீங்க?" என்று கேட்டார். தம்பி பதில் சொல்லவில்லை. "உங்க வருத்தத்துக்கு ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் ஒரு மார்க் போடச் சொன்னா எவ்வளவு போடுவீங்க?" தம்பி, "எது ஒண்ணு, எது பத்து?" என்று கேட்டான். நியாயமான கேள்வி! அவர் சிரிக்காமல், "சரி, மெதுவா மூச்சை இழுத்து விடுங்க" என்றார். இவன் சொன்னான், "மூச்சு சரியாத்தான் இருக்கு. லெட்டர்தான் தப்பு." அதை இப்போதைக்கு ஒரு ஓரமாக வைத்துவிட்டு உங்களுக்குப் பிடித்த ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னதும் போனை என் கையில் கொடுத்துவிட்டான்.

மறுநாள் ஒரு டாக்டர். மாத்திரை கூட்டினார். 14 மணி நேரம் தூங்கினான். எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து சொன்ன முதல் வார்த்தை, "11.20."

அப்புறம்தான் நான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். ஆட்டிசம் உள்ள பலருக்குத் தன் மனசில் ஓடுகிற உணர்ச்சிக்குப் பெயர் வைத்துச் சொல்வது கஷ்டம், அதற்கு அலெக்சிதைமியா என்று ஒரு பெயரே இருக்கிறது. பெயரே தெரியாத ஒன்றுக்கு மார்க் போடச் சொன்னால் என்ன செய்வான்? ஆனால் என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, யார் என்ன வார்த்தை சொன்னார் என்று கேட்டிருந்தால் மடை திறந்த மாதிரி வந்திருக்கும். அவனுக்கு இருந்த ஒரே வாசல் அதுதான், அதை யாருமே தட்டவில்லை.

இது ஏதோ எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 2014இல் தி லான்செட் சைக்கியாட்ரி இதழில் இங்கிலாந்து ஆய்வு ஒன்று வந்தது. பெரியவர்களான பிறகு ஆஸ்பெர்கர் (அதுவும் ஆட்டிசத்தில் ஒரு வகைதான்) என்று கண்டறியப்பட்ட 374 பேரைக் கேட்டதில் 66 சதவீதம் பேர் வாழ வேண்டாம் என்று எப்போதாவது நினைத்ததாகச் சொன்னார்கள், 35 சதவீதம் பேர் அதற்குத் திட்டமோ முயற்சியோ செய்திருந்தார்கள். நூற்றுக்கு அறுபத்தாறு! நம் நாட்டுக் கணக்கு என்று ஒன்றைச் சொல்லலாம் என்று பார்த்தால், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டு வகை போட்டிருந்தார்கள், அதில் ஆட்டிசத்துக்குத் தனியாக ஒரு கட்டம்கூட இல்லை. 2016இல் மாற்றுத்திறனாளிகளுக்குப் புதுச் சட்டம் வந்த பிறகுதான் 21 வகையில் ஒன்றாக அது உட்கார்ந்தது.

என் பிரச்சினை என்னவென்றால், நம்மிடம் இரண்டு கவுண்டர் இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. ஒரு கவுண்டரில் மனசைப் பற்றி மட்டும் கேட்பார்கள், நடந்ததைப் பற்றிக் கேட்க மாட்டார்கள், அது அவர்கள் வேலை இல்லை. இன்னொரு கவுண்டரில் நடந்ததைக் கேட்பார்கள், புகாரா, மனுவா, எழுதிக் கொடு என்பார்கள், ஆனால் எதிரில் நிற்பவன் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு ஒரே வரியை ஏழு தடவை சொன்னால் "கூட யாராச்சும் வந்திருக்காங்களா?" என்று அவன் தலைக்கு மேல் பார்ப்பார்கள். மனசு அமைதியானால் புகாரைக் கேட்கிறோம் என்கிறது ஒன்று. புகாரை யாராவது கேட்டால்தான் இவன் மனசு அமைதியாகும். கோழியா முட்டையா கதைதான், நடுவில் மாட்டிக்கொண்டு கிடப்பது ஒரு ஆள்.

உடனே ஒரு கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும், எங்கள் சித்தப்பாவே கேட்டார். இந்த மாதிரிப் பிள்ளைகள் எதையாவது தப்பாகப் புரிந்துகொண்டு அநியாயம் நடந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டால்? நடக்கும்தான். இரண்டு வருஷம் முன்னால், டிரைவர் வேண்டுமென்றே தன் ஸ்டாப்பில் நிறுத்தாமல் போனார் என்று தம்பி மூன்று நாள் தூங்கவில்லை. அப்போதும் மறந்துவிடு மறந்துவிடு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். நான்காம் நாள் சலித்துப்போய் அவனை ஸ்கூட்டியில் உட்காரவைத்து அந்த இடத்துக்கே கூட்டிப் போனேன். பாதாளச் சாக்கடைக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டு தடுப்பு வைத்து வண்டிகளை வேறு பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள். பார்த்தான். "ஓ, சரி" என்றான். முடிந்துபோனது, அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினான். அவன் நினைத்தது தப்பாக இருந்தபோதும் விசாரித்ததுதான் அவனைத் தேற்றியது, சரியாக இருந்தால் கேட்கவே வேண்டாம். விசாரிக்காமல் ஆற்றுப்படுத்துவது மட்டும் இரண்டு விதத்திலும் உதவவில்லை.

டேமியன் மில்டன் என்று பிரிட்டனில் ஒரு ஆய்வாளர், அவரே ஆட்டிசம் உள்ளவர், 2012இல் ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர்களைப் புரியவில்லை என்றே எல்லோரும் சொல்கிறோமே, மற்றவர்களுக்கும்தானே அவரைப் புரியவில்லை, குறை இரண்டு பக்கமும் இருக்கிறதே என்பது அதன் சாரம். படித்ததும் எனக்கு அந்த ஆபீஸ் ரூம்தான் ஞாபகத்துக்கு வந்தது. ஃபார்மாலிட்டி என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரியாதது தம்பியின் குறை என்றால், பொய்யில் கையெழுத்துப் போடவைத்தால் ஒரு மனுஷனுக்கு என்ன ஆகும் என்று தெரியாதது யார் குறை?

பிரிட்டன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், அங்கே எல்லாம் பிரமாதம் என்று நினைத்துவிடக் கூடாது. ஆலிவர் மெக்கோவன் என்று 18 வயதுப் பையன், ஆட்டிசம், வலிப்பு நோய் இரண்டும் இருந்தது. 2016இல் பிரிஸ்டலில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, எனக்கு ஆன்டிசைக்காட்டிக் (மனநோய்க்குக் கொடுக்கிற) மருந்து ஒத்துக்கொள்ளாது, கொடுக்காதீர்கள் என்று அவனும் சொன்னான், பெற்றோரும் சொன்னார்கள். கொடுத்தார்கள். மூளையைப் பாதித்து, இறந்துவிட்டான். அவன் அம்மா விடாமல் போராடி, 2022இல் கொண்டுவந்த சுகாதாரச் சட்டத்தின்படி இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி, பராமரிப்பு நிலைய ஊழியர்களுக்கு ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு பற்றிய பயிற்சி கட்டாயமானது. அரசு அதற்காகத் தயார் செய்த பயிற்சிக்கு அந்தப் பையன் பெயரையே வைத்தார்கள். படுக்கையில் கிடப்பவன் தெளிவாக ஒரு வாக்கியம் சொல்கிறான், அது நோயின் சத்தமாக மட்டும் காதில் விழுகிறது. தம்பியின் "லெட்டர்தான் தப்பு" மாதிரியேதான்.

சரி, எங்களுக்கு எப்படி விடிந்தது என்று சொல்கிறேன். டாக்டராலும் இல்லை, என்னாலும் இல்லை.

அம்மாவுக்கு ஒரு பட்டா மாறுதல் இழுத்துக்கொண்டே இருந்தது. ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்குப் போனார், வீட்டில் தனியாக விட பயந்து தம்பியையும் கூட்டிக்கொண்டு போனோம். வாசலில் மனு எழுதுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள் இல்லையா, அதில் புங்க மரத்தடியில் ஒரு பெரியவர், மடக்கு மேஜை, கார்பன் தாள், தொடையில் ஒரு துண்டு. அம்மாவின் மனுவை எழுதி முடிக்கிற வரைக்கும் தம்பி பக்கத்தில் நின்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். பெரியவர் கண்ணாடிக்கு மேலே பார்த்து, "என்ன சாமி, அது என்ன 11.20?" என்றார்.

தம்பி சொல்ல ஆரம்பித்தான். அவர் நிறுத்தவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மார்ஜின் மடித்தார். "மொதல்ல தேதி சொல்லுங்க." சொன்னான். "அவரு சொன்ன வார்த்தை என்ன? அதே வார்த்தையில சொல்லுங்க, மாத்தாம." சொன்னான். "அப்ப பக்கத்துல யாரு இருந்தா? நோட்டுல எழுதினீங்களா? எங்க காட்டுங்க." நோட்டை அவரே வாங்கி, அந்த வரியைக் கண்டுபிடித்து, பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துத் திருப்பிக் கொடுத்தார். ஒரு தடவைகூட எப்படி இருக்கிறது மனசு என்று கேட்கவில்லை, பாவம் என்று என் பக்கம் திரும்பி உச்சுக் கொட்டவும் இல்லை. தம்பி நடுவில் பேச்சு வராமல் நின்றபோது பேனாவை மூடி வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்ததும் மறுபடி எடுத்தார். எழுதி முடித்துப் படித்துக் காட்டினார், தம்பி மூன்று இடத்தில் திருத்தினான், மூன்று இடத்திலும் அடித்து எழுதி ஓரத்தில் சுருக்கொப்பம் வாங்கினார். மொத்தம் ஒரு மணி முப்பத்தெட்டு நிமிஷம். 200 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

கடைசியாக ஒன்று கேட்டார் பாருங்கள், அதைத்தான் நான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். "இதை இப்ப என்ன பண்ணலாம்னு நினைக்கிறீங்க? வீட்டுல வெச்சுக்கலாம். கம்பெனிக்கு அனுப்பலாம். தொழிலாளர் ஆபீஸுக்கும் குடுக்கலாம். அனுப்பினா பதில் வரும்னு சொல்ல முடியாது, வந்து சேர்ந்துச்சுன்னு கார்டு மட்டும் வரும்." இவ்வளவுதான் நடக்கும், இவ்வளவு நடக்காது என்று ஒருவர் முன்கூட்டியே சொன்னது அதுதான் முதல் தடவை. தம்பி கம்பெனிக்கு என்றான். அன்றைக்கே ஒப்புகை அட்டையோடு தபாலில் போட்டோம். மத்தியானம் வீட்டுக்கு வந்து ரசம் சாதம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். அந்த அட்டை அதே வாரம் வியாழக்கிழமை வந்தது, இப்போதும் நோட்டுக்குள் இருக்கிறது.

கதை சுபமாக முடியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து வாரம் கழித்து மேனேஜர் கூப்பிட்டு, உன் விளக்கத்தையும் ஃபைலில் சேர்த்தாயிற்று என்று சொல்லி, சீல் வைத்து ஒரு ஜெராக்ஸ் கொடுத்தார். மன்னிப்புக் கடிதத்தை எடுக்கவில்லை. அந்த சூப்பர்வைசர் அதே செக்‌ஷனில்தான் இருக்கிறார். தம்பியிடம் கேட்டேன், இப்ப சரியாச்சா என்று. "பாதி சரியாச்சு" என்றான். பாதிக்கே தூக்கம் வந்துவிட்டது அவனுக்கு.

சட்டத்தில் ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியாது, இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 7ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். மாற்றுத்திறனாளி ஒருவருக்குக் கொடுமையோ வன்முறையோ சுரண்டலோ நடந்ததாகப் புகார் வந்தால், பாதுகாப்பு கேட்டு நிர்வாக நடுவரிடம் போகலாம், இலவச சட்ட உதவி உண்டு, பக்கத்தில் உதவும் அமைப்பு இது என்பதையெல்லாம் போலீஸ்காரரே அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். 92ஆவது பிரிவில், பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை தண்டனை. சட்ட உதவிக்கு வருமானம்கூடப் பார்க்க மாட்டார்கள், மாற்றுத்திறனாளி என்றாலே உண்டு, 15100க்குக் கூப்பிடலாம். அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் என்றால் 23ஆவது பிரிவின்படி அங்கேயே ஒரு குறைதீர்ப்பு அலுவலர் இருக்க வேண்டும், பாரபட்சம் என்று புகார் கொடுத்தால் இரண்டு வாரத்தில் விசாரிக்க வேண்டும். தம்பி மாதிரித் தனியாரில் இருப்பவனுக்கு அது பொருந்தாது. கம்பெனி சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும் என்பதோடு சரி. கரூரில் எத்தனை தையல் கம்பெனியின் சுவரில் அது ஒட்டியிருக்கிறது என்று யாராவது எண்ணிச் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஆகவே நான் புதுச் சட்டம் கேட்கவில்லை. அந்தப் பெரியவர் செய்ததை அரசாங்கத்தில் யாராவது செய்ய வேண்டும் என்றுதான் கேட்கிறேன். டெலி மானஸ் என்று அரசின் மனநல உதவி எண், 14416, 2022 அக்டோபரில் ஆரம்பித்தார்கள், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். நல்ல ஏற்பாடு, சந்தேகமே இல்லை. ஆனால் போனில் பேசுவதே முடியாத ஒருவர், பேச்சு அடைத்துப்போன அந்த நேரத்தில், கைபேசியில் தட்டச்சு செய்து பேசுகிற வழி ஊருக்கு ஊர் பஸ் ஸ்டாண்டு சுவரில் எழுதிப் போடுகிற அளவுக்கு வர வேண்டும். எடுத்ததும் "எப்படி ஃபீல் பண்றீங்க" என்று கேட்காமல் "என்ன நடந்துச்சு, வரிசையா சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்" என்று ஆரம்பிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டி, அடுத்தது இன்ன தேதி, இன்னார் கூப்பிடுவார் என்று சொல்ல வேண்டும், சொன்ன தேதியில் கூப்பிடவும் வேண்டும். கூப்பிட முடியாவிட்டால் முடியாது என்பதையாவது கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "பாக்கலாம்" என்ற ஒரு சொல் தம்பிக்கு ஒரு வாரத் தூக்கத்தைத் தின்றுவிடும்.

இன்னொன்று. விழுதுகள் என்ற பெயரில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒருங்கிணைந்த சேவை மையங்கள் திறந்துவருகிறார்கள். பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில். அங்கே ஒரு ஓரமாக ஒரு மேஜை போடுங்கள், சத்தமில்லாத மூலையாகப் பார்த்து. மன ஆலோசகரும் சட்ட உதவி வழக்கறிஞரும் வாரத்தில் ஒரு நாள் சேர்ந்து உட்காரட்டும், தனித்தனி நாளில் இல்லை, சேர்ந்து. ஒருவர் எழுதட்டும், ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரை வாங்கிக்கொண்டோம் என்று கொடுக்கிற தாள்) கேட்டு வாங்கத் தெரிய வேண்டும் என்பதுகூட எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கையில் ஒரு தாள் இருந்தால் தம்பி மாதிரி ஆட்களுக்கு எவ்வளவு தைரியம் என்பதை அந்தத் தபால் அட்டையில் பார்த்துவிட்டேன்.

எங்கள் மாதிரி வீடுகளுக்கும் ஒரு வார்த்தை, பட்டு அறிந்தவள் என்ற உரிமையில். அந்த நேரத்தில் லைட்டைக் குறையுங்கள், பேச்சைக் குறையுங்கள், கட்டிப்பிடிக்காதீர்கள் (கேட்டுவிட்டுத் தொடுங்கள்). கேள்வி கேட்டால் ஆமா இல்லை என்று தலையாட்டி முடிக்கிற மாதிரிக் கேளுங்கள், இல்லாவிட்டால் பேப்பரும் பேனாவும் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி உட்காருங்கள். அநியாயம் என்று அவர்கள் சொன்னால் அன்றைக்கே நம்பித் தேதி போட்டு எழுதி வையுங்கள், உண்மையா பொய்யா என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வாழப் பிடிக்கவில்லை என்ற மாதிரி எதைச் சொன்னாலும், அது எவ்வளவு விசித்திரமான வாக்கியமாக இருந்தாலும், அப்படி நினைக்கிறாயா என்று நேராகவே கேளுங்கள், தனியாக விடாதீர்கள், 14416 அல்லது 104க்குக் கூப்பிடுங்கள், உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 108. நான் மேலே குறை சொன்னேன் என்பதற்காகக் கூப்பிடாமல் இருந்துவிடாதீர்கள். போனை எடுப்பவரிடம் முதல் வரியிலேயே "இவருக்கு ஆட்டிசம், என்ன நடந்ததுன்னு கேளுங்க" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

பிரிட்டனில் நியூகாசில், நாட்டிங்காம் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஆட்டிசம் உள்ளவர்களையே கூட உட்காரவைத்து, நெருக்கடி நேரத்துக்கான ஒரு திட்டத் தாளை அவர்களுக்கு ஏற்றபடி மாற்றி அமைத்திருக்கிறார்கள், அதைப் படித்துவிட்டு நாங்களும் தம்பியோடு உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினோம். நம் நாட்டிலும் 2017 மனநலச் சட்டத்தில், எனக்கு இந்த மாதிரி சிகிச்சை வேண்டும், இது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கிற உரிமை இருக்கிறது, அதை முறையாகச் செய்வது அடுத்த வேலை. இப்போதைக்கு எங்கள் தாளில் முதல் வரி அவன் சொன்னது: "என்னிடம் மறந்துவிடு என்று சொல்ல வேண்டாம். எனக்கு மறக்காது." இரண்டாவது வரி, டியூப் லைட்.

அனுப்புவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை அவனிடம் முழுசாகப் படித்துக் காட்டினேன், இது அவன் கதை, அவன் சம்மதம் வேண்டும். மரத்தடியில் இருந்த நேரத்தை நான் ஒன்றே முக்கால் மணி நேரம் என்று எழுதியிருந்தேன், நோட்டைப் பார்த்து ஒரு மணி முப்பத்தெட்டு என்று திருத்தினான். பெயர் போட வேண்டாம் என்றான். இடம் போதவில்லை என்றால் ஆசிரியர் வெட்டுவார் என்று சொன்னதற்கு, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, என்னைப் பற்றி எழுதியதை வெட்டலாம், ஆனால் 11.20க்குச் சொன்னேன் என்ற வரியை மட்டும் வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளச் சொன்னான். கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு அக்கா,
கரூர்.